இறால் முள் குத்திய விரலும் அப்பாவின் கல்லீரலும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு போய் இறால், நண்டு, கொஞ்சம் பழவேற்காட்டு மட்டி எல்லாம் வாங்கி வந்திருக்கிறீர்கள். இறாலுக்குத் தலை கிள்ளும்போது கொம்பு முள் பெருவிரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. மதியம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டீர்கள். ராத்திரி 'சதையைத் தின்னும் பாக்டீரியா' என்று எதையோ படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. சிங்க்கை ப்ளீச்சிங் பவுடர் போட்டு நான்கு முறை கழுவிவிட்டீர்கள். மிச்ச மட்டியை ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தொடவே பயப்படுகிறீர்கள். இன்று புதன்கிழமை. "இனிமேல் இதையெல்லாம் தொடலாமா, சாப்பிடலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: தொட்டதால் வருவது ஒன்று, தின்றதால் வருவது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வேறு. நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நண்டை அப்பாதான் உடைத்துக் கொடுத்தார், அவருக்குச் சுகரும் கல்லீரல் சுருக்கமும் உண்டு." உங்கள் கேள்வியிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அதற்கு வருகிறேன்.

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவன். 22 வருடமாக ஏற்றுமதி இறால் தொழிற்சாலைகளின் ஆய்வகத்தில் நுண்ணுயிர்ப் பரிசோதனை செய்கிறேன். மருத்துவன் இல்லை. உங்கள் விரலை நான் பார்க்கவும் இல்லை. கிருமி எங்கே இருக்கும், எப்படிப் பெருகும், எதில் சாகும் என்பதை உறுதியாகச் சொல்வேன். ஒரு புண்ணைப் பார்த்து இது இன்னது என்று சொல்வது மருத்துவர் வேலை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம். நீங்கள் படித்த அந்த பாக்டீரியாக் குடும்பம், விப்ரியோ, நம் கடலில் இருப்பது உண்மைதான். அது சாக்கடையிலிருந்து வந்து சேர்ந்த அழுக்கு இல்லை. மீனைப் போல, பாசியைப் போல அதுவும் கடல்வாழ் உயிர். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் நன்றாகப் பெருகும். நம் கரையோரக் கடல் வருடம் முழுக்க அதைவிடச் சூடு. ஆய்வகத்தில் விப்ரியோவுக்கென்றே ஒரு வளர்ப்பூடகம், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற கூழ், உண்டு, கரும்பச்சை நிறத் தட்டு. சர்க்கரையைச் செரிக்கிற வகைகள் அதில் மஞ்சள் புள்ளிகளாக வளரும், செரிக்காதவை பச்சைப் புள்ளிகளாக நிற்கும். அப்போதுதான் வலையிலிருந்து வந்த, கண்ணாடி மாதிரி இருக்கிற இறாலைத் தடவி வைத்தால்கூட மறுநாள் காலையில் அந்தத் தட்டில் புள்ளிகள் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அதைப் பார்த்துவிட்டு நானும் வீட்டில் இறால் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம்தான் புரிந்தது. கிருமி இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. எத்தனை இருக்கிறது, எந்த வகை, யாருடைய உடம்புக்குள், எந்த வழியாகப் போகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

தொடுவதைப் பற்றி. கிழியாத தோல் வழியாக இந்தக் கிருமிகள் உள்ளே போகாது. எங்கள் பீலிங் ஷெட்டில் பெண்கள் எஃகு மேசையின் இரண்டு பக்கமும் நின்று, ஐஸ் தண்ணீரில் கை ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போக, ஒரு நாளைக்குப் பல மணி நேரம் இறால் உரிப்பார்கள். மணிக்கொரு முறைபோலக் குளோரின் தண்ணீரில் கையை முக்கி எடுப்பார்கள். அவர்களில் பலருக்கு வருகிற தொந்தரவு நகச்சுத்தியும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணும்தான். அதுவும் ஈரத்தால் வருவது. கொம்பு குத்தாத நாளே அவர்களுக்குக் கிடையாது. இத்தனை வருடத்தில் நானே பார்த்த மோசமான விரல் ஒன்றுதான். குத்தி நான்கைந்து நாள் கழித்து ஓர் அக்காவுக்கு விரல் ஊதா கலந்த சிவப்பாக வீங்கியது. சீழ் இல்லை, ஆனால் எரிச்சலும் வலியும். சிவப்பின் ஓரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்புக்கு அடங்கவில்லை. கடைசியில் பார்த்த மருத்துவர், இது மீன், நண்டு கையாளுகிறவர்களுக்கு வருகிற எரிசிப்பெலாய்டு என்று சொல்லி பெனிசிலின் வகை மருந்து கொடுத்தார், ஆறிவிட்டது. இறைச்சிக் கடைக்காரர்களுக்கும் இது வரும்.

ஆக, முள் குத்தினால் மூன்று விதமான கடிகாரங்கள் ஓடும். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்கிற, நீங்கள் படித்துப் பயந்த கிருமி வேகமானது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாளுக்குள் காட்டிவிடும். புண்ணின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கடும் வலி, மணிக்கணக்கில் பரவுகிற சிவப்பு, ரத்தம் கட்டிய கொப்புளம், குளிர்காய்ச்சல் என்று அது வரும். இதில் எதைக் கண்டாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். எரிசிப்பெலாய்டு நான் சொன்னபடி இரண்டிலிருந்து ஏழு நாளுக்குள் மெதுவாக வரும். மூன்றாவது, மைகோபாக்டீரியம் மரீனம். காசநோய்க் கிருமியின் உறவு. வாரக்கணக்கில் கழித்து, ஆறாத சிறு முடிச்சாகக் கையில் எழும், அப்படியே மேல்நோக்கி வரிசையாகவும் வரலாம். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் வரும். இதைப் பல மாதம் வேறு ஏதோ என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கே போனாலும் "கடல் இறால் முள் குத்தியது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சாதாரண வெட்டுக்காயத்துக்கு எழுதுகிற மருந்து எப்போதும் இதற்குப் பொருந்தாது, அந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் யோசனையையே மாற்றும்.

உங்களுக்கு மூன்று நாள் ஆகிவிட்டது. சின்னப் பொருக்கு மட்டும் இருக்கிறது, வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கடிகாரம் அநேகமாக ஓடி முடிந்துவிட்டது. டெட்டனஸ் ஊசி போட்டு வருடங்கள் ஆகியிருந்தால் அதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி விரலை ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொண்டால் போதும், வாரங்கள் கழித்து ஆறாத முடிச்சு எழுந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது அப்பா. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வல்னிஃபிகஸ் வேறு நோய். இந்தக் கிருமி இரும்புச்சத்துக்கு அலைகிற ஜாதி. ஆரோக்கியமான உடம்பு இரும்பைப் புரதத்தில் கட்டிப் பூட்டி வைத்திருக்கும், அதனால் கிருமி பட்டினி கிடக்கும். கல்லீரல் கெட்டுப்போனால் அந்தப் பூட்டு தளர்ந்துவிடும். குடலிலிருந்து வருகிற ரத்தத்தை வடிகட்டுகிற வேலையையும் கல்லீரல் முழுசாகச் செய்யாது. அதனால் நமக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற விஷயம் அவர்களுக்கு நேராக ரத்தத்தில் கலந்துவிடலாம். அப்படிக் கலந்தவர்களில் பாதிப்பேர் அளவுக்கு இறந்துபோகிறார்கள். சர்க்கரை நோயும் கூட இருந்தால் புண் ஆறுவதும் தாமதம், விரலில் மரத்துப்போன உணர்வு இருந்தால் குத்தியதே தெரியாது. நம் நாட்டில் இந்த நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பதிவாகியிருக்கிறது, அரிது. ஆனால் வருகிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் உங்கள் அப்பா மாதிரி உடம்புக்காரர்கள். இன்று சாயங்காலம் அவர் கை இரண்டையும், பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் ஏதும் சிவந்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள். இனி நண்டு உடைக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்தான் செய்வேன் என்றால் தடித்த ரப்பர் கையுறை போடட்டும், ஏற்கனவே கையில் புண் இருக்கிற நாளில் வேண்டவே வேண்டாம். காலில் வெடிப்பு இருந்தால் கடல் தண்ணீரில் நிற்பதும் அவருக்கு ஆகாது. நன்றாக வெந்த இறாலும் நண்டும் கிருமியைப் பொறுத்தவரை அவர் சாப்பிடலாம். உப்பு, புரதக் கட்டுப்பாடு இருந்தால் அதை அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டும்.

தின்பதற்கு வருகிறேன். நம் சமையல் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய பாதுகாப்பு. விப்ரியோவுக்குச் சூடு ஆகாது. இறால் நிறம் மாறி, உள்ளே கண்ணாடித்தன்மை போய் முழுக்க வெள்ளையானால் கிருமி செத்துவிட்டது. கொதிக்கிற குழம்பில் கிடந்த நண்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆபத்து வருவது சமைப்பதற்கு முன்னாலும் பின்னாலும்தான். கடல் உணவால் வயிற்றைக் கெடுக்கிறதில் பேர்போனது விப்ரியோ பாராஹீமோலிடிகஸ். 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் குட்டி மீன் சாப்பிட்டவர்கள் கொத்தாக விழுந்தபோது கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் அதற்குப் பிடித்த சூட்டில் வைத்தால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 64, இரண்டு மணி நேரத்தில் 4,096. இறாலின் சதையில் அவ்வளவு வேகம் இருக்காது, ஆனால் போகிற திசை அதுதான். காசிமேட்டிலிருந்து பிளாஸ்டிக் பையில் ஐஸ் இல்லாமல், வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு வெயிலில் வருகிறோமே, அந்த ஒரு மணி நேரம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஒரு தெர்மாகோல் பெட்டி, இறாலின் எடைக்குச் சமமாக ஐஸ். இவ்வளவுதான் தேவை. நாங்கள் ஏற்றுமதிக்குச் செய்வதும் இதேதான், அளவில் மட்டும் பெரிது.

சமைத்த பிறகு இன்னொரு ஆள் நுழைகிறது. நம் மூக்கிலும் தோலிலும் வாழ்கிற ஸ்டெஃபிலோகாக்கஸ். மதியம் வைத்த இறால் தொக்கை ராத்திரிவரை அடுப்பு மேடையிலேயே வைத்து, கரண்டிக்குப் பதில் கையால் எடுத்துக்கொண்டிருந்தால் அது பெருகி நச்சைக் கக்கும். அந்த நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே புரட்டிப்புரட்டி வாந்தி வந்தால் சந்தேகம் இதன்மேல்தான் போக வேண்டும். விப்ரியோ என்றால் பெரும்பாலும் ஒரு நாள் எடுக்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தருகிற நோரோவைரஸ் ஒன்றிரண்டு நாள். உங்களுக்குத் திங்கட்கிழமை ஒரு தடவை வயிறு கலங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஞாயிறு சாப்பாட்டாலா, பயத்தாலா, வெளியில் குடித்த தண்ணீராலா என்று மலப் பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். இறால் சாப்பிட்ட மறுநாள் வந்த எல்லாவற்றையும் இறால் தலையில் கட்டுவது நம் வழக்கம்.

இறாலையும் நண்டையும் விட நான் மரியாதையோடு தொடுவது மட்டி, ஆளி, கல்லில் ஒட்டுகிற சிப்பி இவற்றைத்தான். இவை தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி வாழ்கிறவை. நாள் முழுக்கத் தன் வழியாகத் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கும், அந்தத் தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் வயிற்றில் சேரும். முகத்துவாரத்தில் கழிவுநீர் கலந்தால் நோரோவைரஸும், மஞ்சள் காமாலை வைரஸான ஹெபடைட்டிஸ் ஏயும் சேர்ந்து வரும். 1988இல் சீனாவின் ஷாங்காயில் இப்படித்தான், அரைவேக்காட்டு மட்டியால் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்குக் காமாலை வந்தது. அங்கே வழக்கம், கொதிநீரை ஊற்றி ஓடு லேசாகத் திறந்ததும் சாப்பிடுவது. வைரஸ் அந்தச் சூட்டுக்கு அசையாது. உள்சதை 90 டிகிரியில் ஒன்றரை நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. அடுக்களையில் அதற்குத் தெர்மாமீட்டர் வேண்டாம்: எல்லா மட்டியும் வாய் திறந்த பிறகு, தண்ணீர் தளதளவென்று கொதிக்க இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். சதை கொஞ்சம் ரப்பராகும், பரவாயில்லை. சமைக்கும் முன்பே வாய் திறந்து கிடந்து, தட்டினாலும் மூடாதது செத்தது, எறிந்துவிடுங்கள். வெந்த பிறகும் திறக்காததை நான் எறிந்துவிடுவேன்.

இந்த ஓட்டுயிர்களில் சூடு எட்டாத ஓர் ஆபத்தும் உண்டு. கடலில் சில நுண்பாசிகள் திடீரென்று பெருகும் காலத்தில் அவற்றின் நரம்பு நச்சு, சாக்சிடாக்சின், மட்டிக்குள் சேர்ந்துவிடும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது. வாசனை மாறாது, ருசி மாறாது, எவ்வளவு கொதித்தாலும் போகாது. 1981 ஏப்ரலில் தமிழ்நாட்டிலேயே மட்டி சாப்பிட்டு 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 3 பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள், 500 பேர் அளவுக்குப் பாதிக்கப்பட்டார்கள். சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, விரல் நுனி ஊசி குத்துகிற மாதிரி மரத்துப்போகும். பிறகு பேச்சு குழறும், மூச்சுத் தசை ஓய்ந்துபோகும். மாற்று மருந்து இல்லை, ஆனால் மூச்சுக்கு இயந்திரம் வைத்து அந்த ஒரு நாளைக் கடத்திவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அதனால் உதடு மரத்தால் வாந்தி எடுக்கவைத்து, மோர் கொடுத்து நேரம் போக்கக் கூடாது. செயற்கைச் சுவாசக் கருவி இருக்கிற மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். இது அடிக்கடி நடப்பதில்லை. கடல் நிறம் மாறியிருக்கிறது, மீன் செத்து ஒதுங்குகிறது என்று கரையில் பேச்சு அடிபட்டால் அந்த நாட்களில் மட்டி வேண்டாம். உங்களுக்கு ஞாயிறு மதியம் உதடு மரக்கவில்லை அல்லவா, அந்தக் கதை அன்றே முடிந்தது.

அடுக்களை விஷயத்தில் நீங்கள் செய்தது கூடுதல். சோப்பும் தண்ணீரும் போட்டு ஒரு தடவை தேய்த்துக் கழுவினால் சிங்க்குக்குப் போதும். கைக்கும் சோப்புதான், நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக அடங்காது. நான் பார்க்கிற தவறு வேறு இடத்தில் நடக்கிறது. இறால் கழுவிய பலகையிலேயே பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவது. இறால் வெந்துவிடும், வெங்காயம் வேகாது. குழாயை முழுசாகத் திறந்து இறாலைக் கழுவினால் தெறிக்கிற தண்ணீர் பக்கத்துத் தட்டு வரைக்கும் போகும், பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அலசுங்கள். மஞ்சள் தூளும் உப்பும் போட்டுப் பிசறுவது கவிச்சிக்கு நல்லது, எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். கிருமி போய்விட்டது என்று அவற்றை நம்பி வேகவைப்பதில் குறைவைக்கக் கூடாது. சளிக்கு வயல் நண்டை அம்மியில் இடித்துச் சாறு எடுக்கிற வீடாக இருந்தால் அம்மியையும் கையையும் சுடுதண்ணீரில் கழுவுங்கள், சாறு நன்றாகக் கொதிக்கட்டும். நன்னீர் நண்டில் நுரையீரல் புழு இருக்கலாம், வடகிழக்கு மாநிலங்களில் பச்சையாகத் தின்று அது வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இறால் தலையில் கருப்பு விழுந்திருந்தது, கெட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெட்டிய வாழைக்காய் கறுப்பதுபோல நொதியால் வருகிற நிறம் அது. பழசாகிறது என்று சொல்லும், விஷம் என்று சொல்லாது. அம்மோனியா நெடி அடித்தால், சதை கொழகொழத்தால் தூக்கிப்போடுங்கள். முதுகு நரம்பு இறாலின் குடல். எடுத்தால் மணல் நறநறக்காது, எடுக்காமல் வேகவைத்தாலும் நோய் வராது. இறாலோடு வைட்டமின் சி சாப்பிட்டால் ஆர்சனிக் விஷமாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விட்டுவிடுங்கள். இறாலில் இருக்கிற ஆர்சனிக் பெரும்பாலும் உடம்பில் தங்காமல் வெளியேறிவிடுகிற வகை. ஆனால் உரித்த பிறகு உங்கள் தங்கைக்குக் கை அரித்தது, உதடு லேசாகத் தடித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கவனியுங்கள். அது கிருமி இல்லை, ஒவ்வாமையாக இருக்கலாம். இறாலில் இருக்கிற ட்ரோபோமயோசின் என்ற புரதம் வேகவைத்தாலும் மாறாது. அடுத்த தடவை இதைவிடக் கடுமையாக வரலாம், மூச்சு இரைக்கலாம். பரிசோதித்துப் பார்க்கும்வரை அவர் இறால், நண்டு இரண்டையும் தொடாமல் இருப்பது நல்லது.

ஃப்ரீசரில் இருக்கிற மட்டியை என்ன செய்வது? உறைய வைப்பது கிருமியைத் தூங்கவைக்கும், முழுசாகக் கொல்லாது, வைரஸை ஒன்றுமே செய்யாது. உள்ளே வைத்தபோது ஓடு மூடி உயிரோடுதான் இருந்தது, ஞாயிறு காலையிலேயே வைத்துவிட்டீர்கள் என்றால் நானாக இருந்தால் சமைப்பேன். மேடையில் வைத்து உருக விடாமல் உறைந்தபடியே கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வாய் திறந்த பிறகு ஐந்து நிமிடம். உறைந்து செத்த மட்டி தானாக வாய் திறக்கும், அதனால் தட்டிப் பார்க்கிற சோதனை இதற்குச் செல்லாது. முகர்ந்து பார்த்து, கெட்ட வாடை இருந்தால் எறிந்துவிடுங்கள். மதியம்வரை வெயிலில் கிடந்த பிறகுதான் உள்ளே போனது என்றால் யோசிக்காமல் எறியுங்கள். அப்பாவுக்கு மட்டும் மட்டி இப்போதைக்கு வேண்டாம், அவருடைய கல்லீரல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். போகும்போது ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி அவருக்குப் போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். கல்லீரல் ஏற்கனவே பழுதானவர்களுக்கு அதன்மேல் காமாலையும் வந்தால் தாங்காது. இன்று ராத்திரி அவர் கையைப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.